அண்ணன் குடும்பமே போய்விட்டது. மிஞ்சிய மகள் 17 வயதில் கருவுற்றிருக்கிறாள். வழி சொல்லுங்கள்

சாத்தூர்க்காரி | திங்கள், இரவு 11.52

நான்கு வருடமாக இங்கே சமையல், தோட்டப் பகுதிகளை வாசிப்பதோடு சரி, ஒரு வரி எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன். ஊரில் யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை.

எழுபது நாள்களுக்கு முன் ஒரு பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் என் அண்ணன், மதினி, அவர்களுடைய மகன் மூவரும் போய்விட்டார்கள். மூவருக்கும் ஒரே அறையில் வேலை. மகள் அன்று பள்ளியில் இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவளை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

மதினியின் தூக்குவாளி அறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருந்ததால் ஒரு கீறலும் இல்லாமல் கிடைத்தது. அதைத் தினமும் காலையில் தேய்த்துக் கழுவித் திண்ணையில் கவிழ்த்து வைக்கிறாள். அதில் எதையும் போட விடுவதில்லை. அவளும் சரியாகச் சாப்பிடுவதில்லை. மாதவிலக்கு நின்றது எனக்குத் தெரியும். துக்கத்தில் நின்றிருக்கிறது, உடம்பு தேறினால் வந்துவிடும் என்று இருந்துவிட்டேன். அந்த நினைப்புக்காக என்னை நானே மன்னிக்க முடியவில்லை.

போன வியாழன் மயங்கி விழுந்தாள். வெளியூரில் ஸ்கேன் எடுத்தோம். 15 வாரம் என்கிறார்கள். அங்கே வயதை 19 என்று சொல்லிவிட்டேன். ரத்தம் 8.2 தான் இருக்கிறது.

பையன் அச்சகத்தில் வேலை பார்க்கிறான், 20 வயது. துட்டி வீட்டுக்குப் பதினாறு நாளும் வந்து தண்ணீர்க் குடம் தூக்கியவன். அவனுக்கும் இன்னும் தெரியாது. மதினியின் அக்கா, "யாருக்கும் தெரியாமல் கலைத்துவிடு" என்கிறார். தாய்மாமன், "இரண்டு பேருக்கும் கோயிலில் தாலி கட்டிவிடு" என்கிறார். என் கணவருக்குப் போலீஸ் வந்துவிடுமோ என்று பயம். பிள்ளை வாயே திறக்கவில்லை. ஒரே ஒரு முறை, தூங்குகிறாள் என்று நினைத்து விளக்கை அணைக்கப் போனபோது, "எனக்கென்று ஒரு ஆளாவது இருக்கட்டுமே அத்தை" என்றாள்.

நான் என்ன செய்ய?

நெறியாளர் | திங்கள், இரவு 11.58

சகோதரிக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர், பள்ளி, ஆலை, பையனின் விவரம் எதையும் யாரும் கேட்க வேண்டாம், ஊகித்து எழுதவும் வேண்டாம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒரு பெண்ணை அடையாளம் காட்டும் எந்தப் பதிவும் நீக்கப்படும்.

ஓய்வுபெற்ற செவிலியர் | செவ்வாய், காலை 5.20

அம்மா, 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். முதலில் உங்கள் மேல் உள்ள கோபத்தை இறக்கி வையுங்கள். துக்கத்தில் மாதவிலக்கு தள்ளிப்போவது உண்மைதான். நானே பல வீடுகளில் அப்படி நினைத்திருக்கிறேன்.

இப்போது உடம்பு. 8.2 என்பது நடுத்தர ரத்தசோகை. இது ஒன்றே மயக்கத்துக்குப் போதும். அவள் பெற்றாலும் பெறாவிட்டாலும் ரத்தத்தை ஏற்றியாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து ஊசியை நரம்பு வழியாகப் போடுவார்கள், காசு கிடையாது. 20 வயதைத் தாண்டிய தாயைவிட இந்த வயதில் கர்ப்பகால வலிப்பு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடுதல். அதனால்தான் பதிவேட்டில் இவர்களை அதிக ஆபத்துள்ள தாய்மார் என்று தனியாகக் குறித்துக் கவனிக்கிறார்கள். நீங்கள் 19 என்று சொன்னால் அந்தக் கவனிப்பு அவளுக்குக் கிடைக்காமல் போகும். அடுத்த முறை உண்மையான வயதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் உறவினர் யாராவது மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வந்து நீட்டினால் அந்த இடத்திலேயே பிடுங்கிச் சாக்கடையில் போடுங்கள். அந்த மாத்திரைகள் மருத்துவர் மேற்பார்வையில், கரு 9 வாரத்துக்குள் இருக்கும்போது தருவதற்கானவை. 15 வாரத்தில், 8.2 ரத்தத்தோடு வீட்டில் வைத்து விழுங்கினால் உதிரப்போக்கு நிற்காது. நள்ளிரவில் அப்படி ஒரு பெண்ணை ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். போய்ச் சேர்வதற்குள் என் சேலை முழுக்க நனைந்துவிட்டது. அவள் பிழைத்தாள். எல்லோருக்கும் அப்படி அமையாது.

கரிசல்காரன் | செவ்வாய், காலை 8.05

நான் சொல்வதைத் தவறாக எடுக்க வேண்டாம். எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். பையன் ஓடிப்போகிறவனாகத் தெரியவில்லை, பதினாறு நாளும் துணை நின்றிருக்கிறான். தாய் தகப்பன் இல்லாத பெண்ணுக்கு ஒரு குடும்பம் கிடைக்கும். தாய்மாமன் சொல்வதில் என்ன குற்றம்? இன்னும் சில மாதத்தில் 18 ஆகிவிடும். ஊர் பேசுவதற்குள் நாலு பேர் முன்னால் கட்டி வைத்துவிடலாமே.

மதுரை வழக்கறிஞர் | செவ்வாய், காலை 10.40

கரிசல்காரன் ஐயா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்தத் தாலி பையனைக் காப்பாற்றாது, இன்னும் ஆழமாகத் தள்ளும். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குழந்தைத் திருமணம். நடத்தி வைப்பவர், முன்னின்று பேசியவர் எல்லோருமே குற்றவாளிகள். மனைவியாகவே இருந்தாலும் 18 வயதுக்குக் கீழ் என்றால் அவளோடு உடலுறவு கொள்வது குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே மஞ்சள் கயிற்றால் போக்சோ (சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கை அழித்துவிடலாம் என்ற கணக்கு எங்கும் செல்லாது.

சகோதரி, உங்கள் கணவரின் பயத்துக்கு வருகிறேன். 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, 18 வயது நிரம்பாத பெண் கருவுற்றிருப்பதை அறியும் மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் தரத்தான் வேண்டும். அதை மறைக்கச் சொல்லி எந்த மருத்துவரையும் கெஞ்சாதீர்கள். ஆனால் இந்தப் பயத்தாலேயே பெண்கள் போலி மருத்துவர்களிடம் போகிறார்கள் என்பதை உச்ச நீதிமன்றமே உணர்ந்து, 2022 செப்டம்பர் 29 அன்று ஒரு வழி சொன்னது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் அந்தத் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தீர்ப்பைத் தாளில் அச்செடுத்துக் கையோடு கொண்டு போங்கள். சில இடங்களில் பணியில் இருப்பவருக்கே அது தெரிந்திருக்காது. அவள் பெற்றுக்கொள்ள முடிவு செய்தால் நிலைமை வேறு. அப்போது என்ன செய்வது என்று தனியாகப் பேசுவோம்.

வழக்கு என்று வந்தாலும், வாக்குமூலம் வாங்குவதற்காக அவளைக் காவல் நிலையத்துக்கு இழுக்க முடியாது. உங்கள் வீட்டிலோ அவள் சொல்லும் இடத்திலோ, சீருடை அணியாத பெண் அதிகாரி வந்து வாங்க வேண்டும் என்பதே சட்டம் வகுத்த முறை. இருவரும் விரும்பிப் பழகிய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழகக் காவல்துறைத் தலைவர் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார். இதையெல்லாம் சொல்வதால் பையனுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் உறுதி தரவில்லை. அவனுக்குத் தனியாக ஒரு வழக்கறிஞர் வேண்டும். உங்கள் வழக்கறிஞரே அவனுக்கும் பேசக் கூடாது.

சாத்தூர்க்காரி | செவ்வாய், பிற்பகல் 2.15

ஐயா, நான் சட்டப்படி பாதுகாவலரா? கையெழுத்துப் போட எனக்கு உரிமை உண்டா? நீதிமன்றம் போய் வாங்கி வர வேண்டும் என்று என் கொழுந்தன் சொல்கிறார். அதற்குள் மாதங்கள் ஓடிவிடுமே.

மதுரை வழக்கறிஞர் | செவ்வாய், பிற்பகல் 3.02

வேண்டியதில்லை. 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் பாதுகாவலர் என்பதற்குச் சொல்லும் விளக்கம் மிக எளியது. சிறுமியைத் தன் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொள்பவர், அவ்வளவுதான். அந்தத் தூக்குவாளி கவிழ்ந்திருப்பது உங்கள் திண்ணையில்தானே? நீங்கள்தான் பாதுகாவலர். சொத்துக்கும் இழப்பீட்டுக்கும்தான் தனி நடைமுறை.

காலக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் வந்த திருத்தப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 20இலிருந்து 24 வாரம் வரை, சிறுமிகள் உள்ளிட்ட சில வகையினருக்கு, இரண்டு மருத்துவர்கள் ஒப்ப வேண்டும். ஆகவே நாளைக்கே முடிவு சொல் என்று யாரும் அவள் கழுத்தைப் பிடிக்க வேண்டியதில்லை. அதற்காக நாள் இருக்கிறதே என்று தள்ளிக்கொண்டும் போகக் கூடாது. வாரம் ஏற ஏற உடம்புக்குச் சிரமம் கூடும் என்பதைச் செவிலியர் அம்மா நன்றாகச் சொல்வார்.

உங்கள் கையெழுத்து இல்லாமல் கருவைக் கலைக்க முடியாது என்று சட்டம் சொல்கிறதே தவிர, உங்கள் கையெழுத்து இருந்தால் அவள் விருப்பம் இல்லாமலே கலைக்கலாம் என்று சொல்லவில்லை. சண்டிகரில் அரசு இல்லம் ஒன்றில் இருந்த, பெற்றோர் இல்லாத, மனவளர்ச்சி குன்றிய ஓர் இளம்பெண் வல்லுறவுக்கு ஆளாகிக் கருவுற்றாள். கலைக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவளோ பெற்றுக்கொள்ள விரும்பினாள். 2009இல் உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் நின்றது. பாதுகாவலர் ஒன்று சொல்லி, சிறுமி வேறொன்று சொன்னால் சிறுமியின் கருத்துக்கு முக்கிய இடம் தர வேண்டும் என்று 2024இல் வந்த தீர்ப்பும் சொல்கிறது.

மழைத்துளி | செவ்வாய், இரவு 9.30

எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன்.

என் அம்மா இறந்தபோது எனக்கு 17. அப்பா அதற்கு முன்பே இல்லை. சித்தி வீட்டில் இருந்தேன். வயிற்றில் கட்டி இருக்கிறது, சின்ன ஆபரேஷன் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். பக்கத்துப் படுக்கைப் பெண் தன் கணவரிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் எனக்கு என்ன நடந்தது என்று தெரிந்தது. இப்போது எனக்கு 34.

கலைத்தது தவறு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. கேட்டிருந்தால் நானே சரி என்று சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. சித்தி என்னிடம் வேறு எல்லா வகையிலும் அன்பாகத்தான் இருந்தார். ஆனாலும் அந்த நாளுக்குப் பிறகு அவர் நீட்டிய காப்பியைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள் அக்கா. பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

கடலோரத்தாள் | புதன், காலை 6.10

நான் நாகப்பட்டினம் பக்கம். 2004 டிசம்பர் 26 அன்று எனக்கு 18 வயது, கட்டிக்கொடுத்து ஒரு வருடம் ஆகவில்லை, ஐந்து மாதக் கர்ப்பிணி. கடல் வந்து போன பிறகு என் கணவர் இல்லை, அம்மா இல்லை, இரண்டு தம்பிகள் இல்லை. நான் வயிற்றுச் சுமையோடு ஒரு மாடிப்படியில் எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

தார் அட்டைக் கொட்டகையில் குடியிருந்தோம். சித்திரை வெயிலில் உள்ளே நிற்க முடியாது. வருகிற பெண்கள் எல்லோரும் என் வயிற்றைத் தொட்டு, "உன் அம்மாவே வந்து பிறப்பாள் பார்" என்று சொல்வார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் சோறு தின்றேன். பெண் பிறந்தாள். அம்மாவின் பெயரையே வைத்தேன்.

அந்தப் பெயரைச் சொல்லி என்னால் அவளைக் கூப்பிட முடியவில்லை. அதட்ட முடியவில்லை. பால் குடிக்காமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அம்மாவே என்னிடம் கோபித்துக்கொண்டதுபோல் இருந்து உட்கார்ந்து அழுவேன். மூன்று வயதில் அவள் என்னைப் பார்த்து, "அம்மா, ஆயாவுக்காக அழுகிறாயா, எனக்காக அழுகிறாயா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் வேறு பெயர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்தேன். இப்போது அவளுக்கு 20 வயதாகிவிட்டது. அவள் இல்லாத வாழ்க்கையை நினைக்கவே முடியாது. ஆனால் அவள் என் அம்மா இல்லை. அம்மா போனது போனதுதான், அதற்குத் தனியாக அழ வேண்டியிருந்தது.

உங்கள் பிள்ளை "ஒரு ஆளாவது இருக்கட்டும்" என்றாள் என்று படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த வார்த்தையை நம்புங்கள், தள்ளிவிடாதீர்கள். ஆனால் அது குழந்தையைப் பற்றிய வார்த்தையா, போன மூன்று பேரைப் பற்றிய வார்த்தையா என்று அவளே பார்க்கட்டும். எனக்கு அதைப் பார்க்கச் சொல்லித் தர யாரும் இருக்கவில்லை.

ஆற்றுப்படுத்துநர் | புதன், காலை 9.45

கடலோரத்தாள் சொன்னதற்கு மேல் என் படிப்பு எதையும் சேர்த்துவிடாது. இருந்தாலும் சிலவற்றை எழுதுகிறேன்.

பெரிய இழப்புக்குப் பிறகு பெரிய முடிவுகளைக் கொஞ்ச காலம் ஒத்திப்போடுங்கள் என்று வழக்கமாகச் சொல்வோம். இங்கே உடம்பு ஒத்திப்போட விடாது. அதனால் துக்கத்தையும் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பேச வேண்டியிருக்கிறது. வேண்டுமா, வேண்டாமா என்று நேராகக் கேட்டால் அவள் வாயை மூடிக்கொள்வாள். யாரை அதிகம் நினைக்கிறாய், அண்ணன் இருந்திருந்தால் இதைக் கேட்டு என்ன சொல்லியிருப்பான், அடுத்த வருடம் இந்த நேரம் காலையில் எழுந்ததும் என்ன செய்துகொண்டிருப்பாய் என்று கேளுங்கள். இடையில் அழுதால் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

அவளிடம் தனியாகக் கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. அந்தப் பையன்தானா, அவள் விரும்பித்தானா, வேறு யாராவது மிரட்டினார்களா? நல்ல பையன் என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு இதைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

இதையும் சொல்லியாக வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டால்தான் அவளால் சொல்ல முடியும். வீட்டில் பூச்சிமருந்து, எலிமருந்து, மாத்திரைப் பட்டைகள் இருந்தால் இன்றே வெளியேற்றுங்கள். இரவில் அவளைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான 1098 உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கரிசல்காரன் | புதன், பகல் 12.20

வழக்கறிஞர் சொன்னதைப் படித்தேன். சட்டம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. தாலி யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒரு கேள்வி. அவள் பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி, வளர்க்க முடியாமல் போனால் என்ன வழி? எங்கள் உறவில் பத்து வருடமாகப் பிள்ளை இல்லாத தம்பதி ஒன்று இருக்கிறது. நல்ல மனிதர்கள். அப்படிப்பட்டவர்கள் கையில் கொடுத்துவிடலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர் | புதன், பகல் 12.55

கூடவே கூடாது ஐயா. எவ்வளவு நல்ல மனிதர்களாக இருந்தாலும் கைமாற்றாகக் குழந்தையைத் தருவது குற்றம். 2019இல் இராசிபுரத்தில் வெளியே வந்த குழந்தை விற்பனையை நீங்களும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அதில் சிக்கியவர் என்னைப் போலவே ஓய்வுபெற்ற ஒரு செவிலியர். எங்கள் உத்தியோகத்துக்கே தலைகுனிவு. கைமாற்று வேலை எங்கே போய் முடியும் என்பதற்கு அது போதும்.

முறையான வழி மாவட்டத்தில் உள்ள குழந்தைகள் நலக் குழு. பெற்றவள் அவர்கள் முன் போய்க் குழந்தையை ஒப்படைக்கலாம். ஒப்படைத்த பிறகு மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகே தத்து கொடுக்கும் வேலை தொடங்கும். உங்கள் உறவினர்களைத் தத்தெடுக்க இணையத்தில் பதிவு செய்து வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். இப்படி எவ்வளவோ வீடுகளில் தொட்டில் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் குழுவையே சாத்தூர்க்காரி அம்மாவும் எப்படியும் போய்ப் பார்க்க வேண்டும், அவள் எந்த முடிவு எடுத்தாலும். பெற்றோர் இல்லாத பிள்ளை உங்கள் வீட்டில் இருப்பதற்கு அது ஒரு பிடிமானம்.

மதுரை வழக்கறிஞர் | புதன், மாலை 5.30

செவிலியர் அம்மா சொன்னது சரி. பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். நாளை இந்தப் பிள்ளைக்கு அதுதான் கை ஊன்றும் கம்பு.

வெடிவிபத்தில் மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். ஆலைத் தரப்பிலிருந்து யாராவது வந்து முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினார்களா? தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டப்படி, மரணத்துக்கான இழப்பீட்டை முதலாளி தொழிலாளர் ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். வீட்டில் வந்து கொடுக்கும் மொத்தத் தொகை இழப்பீடாகக் கணக்கில் வராது. சிறுமியின் பங்கை ஆணையரே வங்கியில் இட்டு வைக்கச் செய்ய முடியும். யார் யாருக்கு எவ்வளவு என்ற பேச்சைத் தாய்மாமன் தொடங்குவதற்குள் போய் மனு கொடுங்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத் தமிழக அரசின் அன்புக்கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் கிடைக்கும். இருக்கிற சில மாதத்துக்கும் விண்ணப்பியுங்கள். இறப்புச் சான்று இன்னும் வாங்கவில்லை என்றால் முதலில் அதை வாங்கிக்கொண்டு, வாரிசுச் சான்றுக்கு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு உடனே ஆள் அனுப்புங்கள்.

சாத்தூர்க்காரி | புதன், இரவு 10.48

முத்திரைத்தாள் கொண்டு வந்தார்கள் ஐயா. காரியத்தன்று, பந்தலில் வைத்து. என் கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிள்ளை போடவில்லை. பேனாவைக் கையில் கொடுத்தபோது கீழே விட்டுவிட்டாள். மயக்கத்தில் விட்டாள் என்று நினைத்தோம்.

நாளை காலை ஆணையர் அலுவலகம் எங்கே என்று விசாரிக்கிறேன். பூச்சிமருந்து டப்பாவைத் தோட்டத்திலிருந்து எடுத்துப் பக்கத்துத் தெருவில் கொடுத்துவிட்டேன்.

இன்னும் அவளிடம் கேட்கவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு முறை அவள் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டு, கீரை ஆய்ந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கடலோரத்தாள் | புதன், இரவு 11.05

நாளைக்கும் கீரையோடு போய் உட்காருங்கள். பாதிக் கட்டை அவள் முன்னால் வையுங்கள்.

தமிழாசிரியை | வியாழன், காலை 7.15

நான் அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். ஒரு சொல் மட்டும். எந்தக் காரணத்துக்காகவும் பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடாதீர்கள். "உடம்பு சரியில்லை, பிள்ளையை நிறுத்திக்கொள்கிறோம்" என்று வீட்டார் வந்து நிற்பார்கள், அலுவலகத்தில் ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அப்படிப் போன பெண்களில் திரும்பி வந்த ஒருத்தியை நான் இன்னும் பார்க்கவில்லை. மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுங்கள், காரணம் விவரமாக வேண்டாம். மார்ச் தேர்வை எழுத முடியாமல் போனால் துணைத் தேர்வு இருக்கிறது, அதுவும் முடியாவிட்டால் தனித்தேர்வராக எழுதலாம். அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அவள் எந்தப் பாடத்தில் கெட்டிக்காரி என்று தெரிந்தால் சொல்லுங்கள், குறிப்புகள் அனுப்புகிறேன்.

சாத்தூர்க்காரி | சனி, பிற்பகல் 1.40

கணக்குப்பதிவியல் டீச்சர். அண்ணனுக்கு வாரக்கூலி வரும்போதெல்லாம் அவள்தான் கணக்கு எழுதுவாள். அந்த நோட்டை எடுத்து வந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை கேட்டேன். முருங்கைக்கீரை. பாதிக் கட்டை முன்னால் வைத்தேன். கால் மணி நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவளே தொடங்கினாள்.

"ஒருத்தர் வேண்டும் என்கிறீர்கள், ஒருத்தர் வேண்டாம் என்கிறீர்கள். அம்மா இருந்திருந்தால் முதலில் அடித்திருப்பாள். அண்ணன் இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பான். அப்பா வெளியே போய்ப் பீடி குடித்துவிட்டு வந்து, சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பார். என்னை அடிக்கக்கூட ஆள் இல்லை அத்தை."

இப்படிச் சொல்லிவிட்டு அழுதாள். இத்தனை நாளில் அவள் சத்தம் போட்டு அழுதது அன்றுதான். நானும் அழுதேன். அடுப்பில் உலை கொதித்துப் பொங்கி அடுப்பு அணைந்தே போய்விட்டது, இருவரும் எழவில்லை.

அதற்குப் பிறகு நிறையப் பேசினோம். ஆற்றுப்படுத்துநர் அம்மா சொன்ன அந்தத் தனிக் கேள்வியையும் கேட்டேன். மிரட்டல் எதுவும் இல்லை. உயிரை விடும் எண்ணம் முதல் மாதத்தில் வந்தது, இப்போது இரவில் மட்டும் வருகிறது என்றாள். திங்களன்று மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டச் சம்மதித்தாள். கடலோரத்தாள் அக்கா, நீங்கள் எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் மகள் கேட்ட கேள்வியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.

கரிசல்காரன் | சனி, மாலை 6.30

அந்த ஆணையர் அலுவலக வேலைக்கு ஆள் துணை தேவைப்பட்டால் நெறியாளர் வழியாகச் சொல்லி அனுப்புங்கள். நான் அரசு அலுவலகத்தில் 26 வருடம் மனுக்களோடு குடும்பம் நடத்தியவன். எழுதிக் கொடுக்கிறேன், கூடவும் வருகிறேன். உங்கள் பெயரோ ஊரோ என் வாயிலிருந்து வராது.

மழைத்துளி | சனி, இரவு 8.12

அக்கா, என்ன முடிவு எடுத்தாள் என்று கேட்க மனம் துடிக்கிறது. கேட்க மாட்டேன்.

சாத்தூர்க்காரி | வியாழன், மாலை 4.25

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

திங்களன்று போனோம். உண்மையான வயதைச் சொன்னோம். வழக்கறிஞர் சொன்ன தாளைக் கொடுத்தபோது ஒரு பெண் மருத்துவர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார். மறுபடி வரச் சொல்லி, அப்போதும் பேசினார். இரண்டு முறையும் அவள் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பதில் என்ன என்று இங்கே எழுத வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள். "அது என்னோடு இருக்கட்டும் அத்தை. மற்றதெல்லாம் ஊருக்கே தெரியும்." அதனால் எழுதவில்லை. அவளுடைய பெரியம்மாவுக்கும் மாமனுக்கும் கூட இனி அவள் சொன்னால்தான் உண்டு. பையனிடம் அவளே பேசினாள். நான் அறைக்கு வெளியே நின்றேன்.

தொழிலாளர் ஆணையரிடம் மனு கொடுத்தாகிவிட்டது. ரத்தம் 9.1 ஆகியிருக்கிறது.

நேற்று மருத்துவமனைக்குக் கிளம்பும்போது அந்தத் தூக்குவாளியை எடுத்து வந்து என்னிடம் நீட்டி, "இதிலேயே சோறு போடுங்கள், பாத்திரம் சும்மா கிடக்கிறது" என்றாள். தயிர்ச்சோறு போட்டுக் கொடுத்தேன். அங்கே மரத்தடியில் உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டாள்.

ஓய்வுபெற்ற செவிலியர் | வியாழன், மாலை 4.50

நல்லது தாயி. தயிர்ச்சோறு சாப்பிட்ட கையோடு இரும்பு மாத்திரையைப் போட வேண்டாம், உடம்பில் சேராது. இரண்டு மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாற்றோடு கொடுங்கள். தேநீரும் அதன் பக்கத்தில் வரக் கூடாது.